கூட ஒரு அஞ்சு

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், சீடன் என்றால் மீசை முளைத்திருக்கக் கூடாது என்று நினைப்பவர்கள் இந்தக் கதையை இப்போதே மூடி வைத்துவிடலாம். இதில் குருவுக்கு வயது முப்பத்தொன்று. பெயர் ஜெனோவா. சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். சீடருக்கு ஐம்பத்தேழு. பெயர் குற்றாலிங்கம். திருநெல்வேலிப் பக்கம் கல்யாணச் சமையல் என்றால் முதலில் அவர் பெயரைத்தான் சொல்வார்கள்.

ஐம்பத்தைந்து வயதில் விமானம் ஓட்டப் போகிறேன் என்று அவர் கிளம்பியபோது ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மனுஷன் அசரவில்லை. இரண்டு வருஷத்தில் உரிமம் வாங்கிவிட்டார். விமானப் பயிற்சிச் சங்கத்தின் நீளமான தார் ஓடுபாதையில் அவர் இறங்கினால் யாரும் குறை சொல்ல முடியாது.

வம்பு வந்தது தாழைமணலில்.

தாழைமணல் ஒரு கடற்கரைக் கிராமம். அங்கே விமானம் இறங்க ஒரு புல்தரை இருக்கிறது. ஐந்நூற்றைம்பது மீட்டர்தான். இந்தப் பக்கம் பனைமரங்கள், அந்தப் பக்கம் கொஞ்சம் மணல், அதைத் தாண்டினால் கடல். பனைக்கு மேலே தாழ்ந்து வந்து, சுண்ணாம்பு அடித்த கற்களைத் தாண்டியதும் சக்கரம் புல்லைத் தொட்டுவிட வேண்டும். தொடாவிட்டால் நேரே மீனோடு குடித்தனம்.

அந்த ஊர், அவர் மனைவி செண்பகவல்லி பிறந்த ஊர். ஒவ்வொரு வைகாசியிலும் அங்கே அம்மன் கோயில் கொடைத் திருவிழா. வைகாசியோ கல்யாண மாதம். கல்யாணமான நாளிலிருந்து முப்பது வருஷமாக அவள் தனியாகத்தான் பஸ் ஏறிக் கொடைக்குப் போய் வருகிறாள். ஒரு வருஷம்கூட இவர் கூடப் போனதில்லை. யார் வீட்டுக் கல்யாணத்திலோ சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும். அதை நினைத்து அவருக்கு மனசுக்குள் ரொம்ப நாளாகவே வருத்தம்.

"இந்த வருஷம் உன்னைப் பறக்க வெச்சே கூட்டிட்டுப் போறேன். கொடை வெள்ளிக்கிழமைக்கு ஒரு கல்யாணமும் ஒத்துக்கல" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

செண்பகவல்லி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்க வாத்தியாரம்மா கையெழுத்துப் போட்ட தாளைக் கொண்டாந்து காட்டுங்க. ஏறுதேன். முப்பது வருஷம் இருந்தாச்சு, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

சங்கத்தில் அப்படி ஒரு கட்டுப்பாடு இருந்தது. தாழைமணலில் வாத்தியார் இல்லாமல் இறங்க வேண்டுமானால், 'இவர் தனியாக இறங்கலாம்' என்று வாத்தியார் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். இன்றைக்குச் செவ்வாய். நாளைக் காலையில் ஜெனோவா சென்னைக்குக் கிளம்புகிறாள், வர ஒரு மாதம் ஆகும். இன்றைக்குத் தாள் கிடைக்காவிட்டால் செண்பகவல்லிக்கு மறுபடியும் பஸ்தான்.

காலை பத்து மணிக்கு இருவரும் புறப்பட்டார்கள். விமானத்தில் இரண்டே இருக்கை. இரண்டுக்கும் பின்னால் ஒரு பெரிய தூக்குவாளி உட்கார்ந்திருந்தது.

"அது என்ன அண்ணாச்சி?"

"உளுந்து மாவு. அங்க காவலுக்குத் தொம்மை இருக்காருல்லா. நம்ம மூணு பேருக்கும் ரெண்டு வடை தட்டலாம்னு."

"மூணு பேருக்கு நாலு கிலோ மாவா?"

"யாராவது வந்துட்டா?"

ஜெனோவா தலையில் அடித்துக்கொண்டு, நாலு கிலோவையும் எடைக் கணக்கில் சேர்த்தாள்.

பனைமரங்கள் தெரிந்தன. அதற்கு அப்பால் பச்சையாக ஒரு துண்டு. அதற்கு அப்பால் கடல், வெயிலில் கண் கூசியது. குற்றாலிங்கம் இறக்கத் தொடங்கினார்.

"வேகம் என்ன?" என்றாள்.

"எழுவது."

"இங்க எவ்வளவு வேணும்?"

"அம்பத்தஞ்சு."

"மிச்சம் பதினஞ்சு எதுக்கு?"

"திடீர்னு காத்து நின்னு போச்சுன்னா? அதுக்கு ஒரு அஞ்சு. இஞ்சின் இருமிச்சுன்னா? அதுக்கு ஒரு அஞ்சு. அப்புறம் செண்பகவல்லிக்கு ஒரு அஞ்சு."

"அவங்கதான் வீட்டுல இருக்காங்களே."

"வெள்ளிக்கிழமை ஏறுவால்லா!"

சுண்ணாம்புக் கற்கள் காலடியில் போயின. விமானம் தரைக்கு ஒரு முழம் மேலே நின்றது. நின்றது என்றால், இறங்கவில்லை என்று அர்த்தம். கூட வைத்த வேகம் முழுக்கத் தீரும் வரை அது மிதந்துகொண்டே போயிற்று. பாதித் தரை போயிற்று. தொம்மையின் கொட்டகை போயிற்று. தொம்மை கையை ஆட்டினார். குற்றாலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கிவிடு, இறங்கிவிடு என்று விமானத்தைக் கெஞ்சினார். எதிரே மணலும் அதன் பின்னால் அலையும் பெரிதாகிக்கொண்டே வந்தன.

"மேலே" என்றாள் ஜெனோவா.

அவர் இஞ்சினை முழுசாக முடுக்கினார். விமானம் அலைக்கு மேலே எழும்பிப் போயிற்று.

இரண்டாம் தடவை அறுபத்தைந்து. காற்றுக்கான அஞ்சை மட்டும் மனமில்லாமல் குறைத்திருந்தார். அதே மிதப்பு. அதே கெஞ்சல். அதே "மேலே".

மூன்றாம் தடவை ஜெனோவாவே இறக்கினாள். கற்களைத் தாண்டிப் பத்தடியில் சக்கரம் தொட்டது. பாதித் தரையில் விமானம் நின்றுவிட்டது. குற்றாலிங்கத்துக்கு ஒரு பக்கம் பிரமிப்பு, ஒரு பக்கம் எரிச்சல்.

இறங்கிக் கொட்டகைக்கு நடந்தார்கள்.

"அண்ணாச்சி, ரெண்டு தடவையும் மேலே போகச் சொன்னது நான். நீங்களா ஏன் போகல?"

"அது எப்படித் தாயி போக?" அவர் நின்றே விட்டார். "எங்க தொழில்ல முகூர்த்தம் ஒரே தடவைதான். இலை போட்டாச்சுன்னா சோறு வந்தாகணும். 'கொஞ்சம் இருங்க, ஒரு சுத்து சுத்திட்டு வாறேன்'னு சொல்ல முடியுமா? அடுத்த கல்யாணத்துக்கு எவன் கூப்பிடுவான்? அதனாலதான முந்நூறு பேருன்னா முந்நூத்தம்பது பேருக்கு உலை வெக்கேன்."

"ம்."

"சும்மா ம்முன்னா எப்படி? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எவ்வளவு கூட வெச்சா சரியா இருக்கும்?"

ஜெனோவா கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினாள். "பசிக்குது" என்றாள்.

தொம்மை அந்தப் புல்தரைக்குக் காவலர். அறுபது வயது, கழுத்தில் எப்போதும் ஒரு விசில். விமானம் வரும்போது ஆடுகளை விரட்ட அது. கொட்டகையில் கல்லடுப்பு மூட்டி இரும்புச் சட்டியில் எண்ணெய் ஊற்றித் தயாராக வைத்திருந்தார். குற்றாலிங்கம் தூக்குவாளியைத் திறந்தார். அடுப்பைப் பார்த்ததும் மனுஷனுக்கு உயிர் வந்துவிட்டது.

இரண்டு வடை தட்டிப் போட்டார். சட்டி சொய்யென்று பேசியது. ஜெனோவா பக்கத்தில் குந்தியிருந்தாள். கைக்கு எட்டிய பனைமட்டையை எடுத்து அடுப்பில் செருகினாள். இன்னொன்றையும் செருகினாள். தீ சட்டியைச் சுற்றி ஏறியது.

"அய்யய்யோ! என்ன செய்தீங்க?"

"கொஞ்சம் கூட இருக்கட்டுமேன்னு."

"கூடவா? நாசமாப் போச்சு! மேல கருகி உள்ள மாவா நிக்கும். எண்ணெய் காஞ்சது போதுமா போதாதான்னு எண்ணெயே சொல்லும். காதைக் குடுத்துக் கேக்கணும். நீங்களா கூட்டக் கூடாது!"

மட்டையை வெளியே இழுத்துப் போட்டுத் தண்ணீர் தெளித்தார். திட்டிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"ஓகோ!" என்றார். "ஓகோகோ!"

"என்னது?"

"புரிஞ்சு போச்சு வாத்தியாரம்மா. நல்லாவே புரிஞ்சு போச்சு."

ஜெனோவா கருகாத வடையாகப் பார்த்து எடுத்துக் கடித்தாள். அடுத்த ஈடு பொன்னாக வெந்து வந்தது. அவள் ஐந்து தின்றாள். தொம்மை எண்ணாமல் தின்றார். குற்றாலிங்கத்துக்கு ஒன்றும் இறங்கவில்லை. எப்போது மேலே போவோம் என்று துடித்துக்கொண்டிருந்தார்.

மறுபடி பனைமரங்கள். இப்போது வேகம் காட்டும் ஊசி ஐம்பத்தைந்தில் ஆணி அடித்த மாதிரி நின்றது. குற்றாலிங்கம் அதை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. ஒன்று கூடவும் விடமாட்டேன் என்று முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கடல்காற்று சட்டென்று ஓய்ந்தது. விமானம் சடாரென்று கீழே சரிந்தது. பனை ஓலைகள் ஜன்னலுக்கு நேராக வந்தன. அவர் இன்னும் ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேலே!" இந்தத் தடவை அவளே கையை வைத்து இஞ்சினை முடுக்கினாள்.

கடலுக்கு மேலே வந்ததும்தான் அவருக்கு மூச்சு வந்தது.

"என்ன அண்ணாச்சி, வெளிய ஒரு மரத்தைக்கூடப் பாக்கல?"

"நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

"நானா? எப்ப?"

"வடையில! மட்டையைக் கூடச் செருகிக் காட்டினீங்கள்லா. கூட வெக்கவே கூடாதுன்னு!"

ஜெனோவா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, அது வடை. எனக்குப் பசி. சீக்கிரம் வேகட்டும்னு செருகினேன். எனக்குச் சமைக்கத் தெரியாது."

குற்றாலிங்கத்துக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு ஞானம் கிடைத்தது என்று பூரித்துப்போய் இருந்தார். அது வெறும் பசியாம். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு அவரும் சிரித்துவிட்டார். தொந்தி குலுங்கியதில் விமானமே ஆடியது.

"மறுபடி இறங்குவோம்" என்றாள் ஜெனோவா. "ஆமா, நூறு பேருக்குச் சொதி வெக்க எத்தனை தேங்காய் அண்ணாச்சி?"

"இப்ப எதுக்கு அது?"

"அம்மா கேக்கச் சொன்னாங்க. மறந்துருவேன்."

"நூறு பேருக்கு இருபத்தஞ்சு. நம்ம கையால வெச்சா முப்பது."

"முப்பதும் ஒண்ணா ஊத்திரலாமா?"

"என்ன தாயி பேசுதீங்க! முதல் பாலைத் தனியா எடுத்து வெச்சிரணும்." பனைமரங்கள் வந்தன. "காயை ரெண்டாம் பாலிலயும் மூணாம் பாலிலயும்தான் வேக வெக்கணும்." காற்று ஒரு தள்ளுத் தள்ளியது, அவர் கை தானாக அதற்கு ஈடு கொடுத்தது. "பாசிப்பருப்பு மசிஞ்சிருக்கணும்." பனைமரங்கள் கீழே போயின, கை இஞ்சினைத் தணித்தது. "கடைசியாத்தான் முதல் பால். ஊத்துனதும் நுரை கூடும். கொதிக்க விடவே கூடாது. சத்தம் மாறும் பாருங்க, அப்ப டக்குன்னு இறக்கிரணும்..."

சக்கரம் புல்லைத் தொட்டது. விமானம் குலுங்கி ஓடி, பாதித் தரைக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றது.

குற்றாலிங்கம் ஜன்னல் வழியாகப் பின்னால் பார்த்தார். முன்னால் பார்த்தார்.

"வேகம் எத்தனை இருந்துச்சு?"

"நான் பாக்கலியே. சொதியைக் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

அவள் இருக்கைப் பட்டையைக் கழற்றினாள். கதவைத் திறந்து கீழே இறங்கினாள்.

"எங்க போறீங்க?"

"இன்னும் ரெண்டு வடை தின்னணும். நீங்க தனியா ஒரு தடவை போயிட்டு வாங்க."

இரண்டு வருஷமாக எத்தனையோ தடவை தனியாகப் பறந்திருக்கிறார். ஆனால் இந்தத் துண்டுத் தரையில் பக்கத்து இருக்கை காலியாக இருப்பதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"நீங்க இறங்கிட்டா எடை குறையுமே. அப்ப அம்பத்தஞ்சும் கூடிப் போகுமா? இப்ப எத்தனை வெக்க?"

"எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி? நான்தான் உள்ள இல்லியே."

கதவைச் சாத்திவிட்டு அவள் கொட்டகையைப் பார்த்து நடந்தாள். திரும்பியே பார்க்கவில்லை.

ஒற்றை ஆளாக விமானம் துள்ளிக்கொண்டு ஏறியது. கடலுக்கு மேலே சுற்றி வந்தார். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்ப்பது தெரிந்தது. எல்லாரும் செண்பகவல்லி ஊர்க்காரர்கள். நம்ம மாப்பிள்ளை வருகிறார் என்று வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறவர்கள். அதை நினைத்ததும் அவர் கை என்னவோ அவரைக் கேட்காமலே வேகத்தைக் கூட்டியிருந்தது.

கற்கள் காலடியில் போயின. விமானம் மிதந்தது.

எத்தனை கூட என்று அவர் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. காதில் கேட்ட காற்றின் சத்தம், சொதியில் சொன்ன மாதிரி, இன்னும் மாறவே இல்லை. அவர் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்து இருக்கையின் குரலுக்காகக் காத்திருந்தார். பக்கத்து இருக்கையில் பட்டைதான் கிடந்தது. தரை போய்க்கொண்டே இருந்தது. ஊரே பார்க்கிறது. இலை போட்டாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் இறங்கிவிடும், எப்படியும் இறங்கிவிடும் என்று ஒரு மனசு சொல்லியது.

"மேலே!" என்று குற்றாலிங்கம் தனக்குத் தானே சத்தமாகச் சொன்னார்.

இஞ்சின் முழங்கியது. கொட்டகைக்கு மேலே, மணலுக்கு மேலே, அலைக்கு மேலே விமானம் ஏறிற்று. வலைக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். அவருக்குக் காது வரைக்கும் வெட்கம் ஏறியது. போச்சு, எல்லாம் போச்சு. தாளும் போச்சு, வெள்ளிக்கிழமையும் போச்சு. அந்தம்மா பார்த்திருப்பாள். தனியாக விட்டதும் சொதப்பிவிட்டார் என்று தொம்மையிடம் சொல்லியிருப்பாள்.

கடலுக்கு மேலே திரும்பும்போது கீழே பார்த்தார். புல்தரை அங்கேயே கிடந்தது. யாரும் இலையைச் சுருட்டிவிட்டு எழுந்து போகவில்லை. ஆடு ஒன்று ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. தொம்மை விசிலை ஊதிக்கொண்டு ஓடினார். குற்றாலிங்கத்துக்குத் திடீரென்று மனசு லேசாகிவிட்டது. வராத தாளுக்கு இனி என்ன பயம்? வாய்விட்டுச் சிரித்தார். இஞ்சின் சத்தத்தில் அது அவருக்கே கேட்கவில்லை.

இரண்டாம் தடவை வந்தார். பனை, காற்று, கற்கள். சத்தம் மாறியது. சக்கரம் தொட்டது. கற்களிலிருந்து இருபதடி இருக்கும், அவ்வளவுதான். தொம்மை விசிலை விட்டுவிட்டுக் கைதட்டினார்.

குற்றாலிங்கம் விமானத்தை நிறுத்திவிட்டுக் கொட்டகைக்கு ஓடினார். ஐம்பத்தேழு வயதில் அவர் ஓடியதை அந்த ஊர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஜெனோவா தரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் வடைத் தட்டு. தட்டுக்குக் கீழே ஒரு தாள், ஓரத்தில் எண்ணெய் பட்டிருந்தது.

"பாத்தீங்களா வாத்தியாரம்மா? ரெண்டாவது தடவை இறங்கினேன் பாருங்க, பாத்தீங்களா?"

"இல்லியே. இப்பத்தான் இறங்கினீங்களா?"

"அடப் பாவமே!" அவர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வாழ்க்கையில ஒரே ஒரு தடவை அப்படி இறங்கியிருக்கேன். நீங்க முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்கீங்களே! பாக்காம எப்படிக் கையெழுத்துப் போடுவீங்க?"

அவள் தட்டைத் தூக்கித் தாளை எடுத்து நீட்டினாள். கையெழுத்துப் போட்டிருந்தது. மை காய்ந்திருந்தது.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எப்பப் போட்டது?"

"முதல் தடவை இறங்காம நீங்களா மேலே போனீங்கள்லா அண்ணாச்சி, அந்தச் சத்தம் கேட்டதும் போட்டுட்டேன்."